"ரெண்டே ரெண்டு கிளாஸ்தான்!" - அப்பாவின் கணக்கைத் திருத்திய மகன்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஒரு சின்ன வீட்டின் சமையலறை மேஜையில் நான்கு கண்ணாடி கிளாஸ்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 10 மில்லி ரை விஸ்கி. ஓர் அவுன்ஸ் மருந்து அளக்கும் பொறுமையோடு அதை ஊற்றி வைத்தவர் 25 வயது மகன். எதிரே, திறந்த ஜன்னலை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார் அப்பா. அவர் கையில் இருப்பது காபி.

அப்பாவுக்கு வயது 61. அதே நகரத்தில் 28 வருடங்கள் பார்டெண்டராக வேலை பார்த்தவர். மதுவை விட்டு ஒன்பது வருடங்கள் ஆகின்றன. இப்போது ஒரு ஹார்டுவேர் கடையில் சாவி செய்து கொடுக்கிறார். மகனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை முதல் ஒரு பாரில் வேலை. "ரை விஸ்கி பத்தி கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியலைப்பா. நீங்க சொல்லிக் கொடுங்க" என்று கேட்டபோது, அப்பா இரண்டு நாள் பதில் சொல்லவில்லை.

மூன்றாவது நாள், தன்னோடு சேர்ந்து குடியை விட்ட நண்பருக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னார். "மேஜைக்குப் பக்கத்துல உட்காராதே. ஜன்னலைத் திறந்து வை. மனசு தடுமாறுச்சுன்னா எழுந்து வெளியே போயிடு" என்றார் நண்பர். அந்த மூன்று நிபந்தனைகளோடுதான் இந்தப் பாடம் தொடங்கியது. பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, கதவை மட்டும் சாத்தவில்லை.

ரை என்பது கம்பு அல்ல

ரை என்றதும் சிலர் 'கம்பு' என்று மொழிபெயர்த்துவிடுவார்கள். இரண்டும் வேறு வேறு. ரை என்பது கோதுமைக்கு உறவான, குளிரைத் தாங்கி வளரும் தானியம். ஐரோப்பாவிலிருந்து பென்சில்வேனியாவுக்குக் குடியேறிய விவசாயிகள் இதை விதைத்தார்கள். மலைப்பாதையில் தானிய மூட்டைகளைச் சுமந்து செல்வதைவிட, அதை விஸ்கியாக்கிப் பீப்பாயில் கொண்டுபோவது எளிது. விலையும் அதிகம்.

1791-ல் அமெரிக்க அரசு விஸ்கிக்கு வரி போட்டபோது இந்த விவசாயிகள்தான் கொதித்தெழுந்தார்கள். 1794-ல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் சுமார் 13,000 பேர் கொண்ட படையைத் திரட்ட வேண்டியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், பதவியை விட்டு இறங்கிய 1797-ம் ஆண்டிலேயே வாஷிங்டனும் தன் பண்ணையில் வடிசாலை தொடங்கிவிட்டார். அங்கே முக்கியமாகக் காய்ச்சியது ரை விஸ்கிதான்.

1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு. பென்சில்வேனியாவின் பெரும்பாலான ரை வடிசாலைகளுக்கு அதிலிருந்து மீள முடியவில்லை. பெயர்கள் மட்டும் பிழைத்தன. பென்சில்வேனியாவில் 1810-லிருந்து வரும் பெயர் ஓல்டு ஓவர்ஹோல்ட். பிலடெல்பியாவின் ஒரு சதுக்கத்தின் பெயரைத் தாங்கியது ரிட்டன்ஹவுஸ். பக்கத்து மாநிலமான மேரிலாண்டின் பெயர் பைக்ஸ்வில். இன்று இந்த மூன்றும் தயாராவது கென்டக்கி மாநிலத்தில்.

நமக்குப் பழக்கமான இன்னொரு விஷயமும் உண்டு. மதுவிலக்கு முடிந்ததிலிருந்தே பென்சில்வேனியாவில் விஸ்கி பாட்டில் விற்கும் கடைகளை நடத்துவது மாநில அரசுதான். மகனும் அப்படி ஒரு கடையில்தான் இந்த நான்கு பாட்டில்களை வாங்கி வந்திருந்தார்.

அந்த எண் என்ன சொல்கிறது?

"முதல்ல லேபிளைப் படி. பேரை இல்லை, நம்பரை" என்றார் அப்பா.

மகன் படித்தார். ஓல்டு ஓவர்ஹோல்ட் 86. புல்லெட் ரை 90. ரிட்டன்ஹவுஸ் 100. பைக்ஸ்வில் 110. எல்லாம் 'ப்ரூஃப்' கணக்கு. அமெரிக்காவில் ப்ரூஃப் எண்ணைப் பாதியாக்கினால் ஆல்கஹால் சதவிகிதம் வந்துவிடும். 86 என்றால் 43 சதவிகிதம், 110 என்றால் 55 சதவிகிதம்.

ப்ரூஃப் என்ற சொல்லுக்கே நிரூபணம் என்றுதான் பொருள். இங்கிலாந்தில் ஒரு பழைய கதை சொல்வார்கள். வெடிமருந்துப் பொடியில் மதுவை ஊற்றித் தீ வைப்பார்களாம். பற்றி எரிந்தால் சரக்கு சுத்தம். எரியாவிட்டால் தண்ணீர் கலந்தது என்று அர்த்தமாம். பிற்காலத்தில் பிரிட்டிஷ் கணக்கில் 57.15 சதவிகிதம் ஆல்கஹால் என்பது 100 ப்ரூஃப் ஆனது.

நம் ஊர் பாட்டில்களில் '42.8 சதவிகிதம்' என்று ஒரு விநோதமான எண் இருக்கிறதே, அதுவும் இந்தக் கணக்கின் மிச்சம்தான். பிரிட்டிஷ் முறையில் 75 ப்ரூஃப் என்பதைச் சதவிகிதமாக்கினால் வருவது 42.8.

அமெரிக்காவில் இந்த எண்ணுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. 19-ம் நூற்றாண்டில் மலிவு ஸ்பிரிட்டில் நிறமும் சுவையும் சேர்த்து விஸ்கி என்று விற்பது சாதாரணமாக நடந்தது. அதைத் தடுக்க 1897-ல் ஒரு சட்டம் வந்தது. ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் காய்ச்சி, அரசுக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் குறைந்தது நான்கு வருடம் வைத்து, சரியாக 100 ப்ரூஃபில் பாட்டிலில் அடைத்தால்தான் 'பாட்டில்டு இன் பாண்ட்' என்று லேபிளில் போடலாம். ரிட்டன்ஹவுஸ் பாட்டிலில் இன்றும் அந்த வார்த்தைகள் இருக்கின்றன.

"அந்தக் காலத்துல யாரையும் நம்ப முடியலை. அதனாலதான் நம்பர் போட்டாங்க" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு, "ஆனா லேபிள்ல இருக்கிறதை நான் படிக்கவே இல்லை" என்றார்.

பழைய கணக்கு

அவர் பார்டெண்டராக இருந்த காலத்தில் வீட்டில் ஒரு வாக்கியம் தினமும் ஒலித்தது. "ரெண்டே ரெண்டு கிளாஸ்தான்."

இரவு கடை சாத்திவிட்டு வந்ததும் இரண்டு கிளாஸ். மூன்றாவது கிடையாது. அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது. மருத்துவமனைப் படிவத்தில் 'ஒரு நாளைக்கு எத்தனை?' என்ற கேள்விக்கு எப்போதும் '2' என்றே எழுதினார். பொய் சொல்லவில்லை என்று மனப்பூர்வமாக நம்பினார்.

தொடக்கத்தில் அவர் குடித்தது 80 ப்ரூஃப் ஓவர்ஹோல்ட். அப்போது ரை விஸ்கியைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு. 2000-க்குப் பிறகு பழைய காக்டெய்ல்கள் மறுபடி பிரபலமாக, ரை விஸ்கிக்கும் மவுசு கூடியது. அவர் 100 ப்ரூஃப் ரிட்டன்ஹவுஸுக்கு மாறினார். 2015-ல் 110 ப்ரூஃப் பைக்ஸ்வில் வந்தபோது அதற்கும் மாறினார். பாட்டில்கள் மாறின. 'ரெண்டு' மட்டும் மாறவில்லை.

மறுநாள் காலை எழ முடியாமல் போனது. சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வந்தது. மகனின் பள்ளியில் வரச் சொன்ன நாளைக்கூட மறந்தார். "வயசாகுது, வேலை அதிகம்" என்று காரணம் சொன்னார். "அளவு கூடிடுச்சா?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம் அதே பதில்தான். "ரெண்டே ரெண்டுதான். வேணும்னா எண்ணிப் பாரு." அவரும் எண்ணிப் பார்த்தார். இரண்டுதான் இருந்தது.

மகனுக்கு அப்போது 16 வயது. வேதியியல் வகுப்பில் கரைசல்களின் செறிவு பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு மாலை, அப்பா வழக்கமாக ஊற்றும் கிளாஸில் அதே மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அதை அம்மாவின் அளவுக் கோப்பையில் கொட்டிப் பார்த்தார். இரண்டு அவுன்ஸ் இருந்தது.

அமெரிக்காவில் மருத்துவர்கள் 'ஒரு டிரிங்க்' என்று சொல்வது 14 கிராம் சுத்த ஆல்கஹாலை. அது 80 ப்ரூஃப் விஸ்கியில் ஒன்றரை அவுன்ஸ், அதாவது 44 மில்லி. மகன் ஒரு நோட்டுத்தாளில் கணக்குப் போட்டார். அளவில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். வீரியம் 80-லிருந்து 110. இரண்டையும் பெருக்கினால் அப்பாவின் 'ரெண்டு கிளாஸ்' உண்மையில் 3.67.

தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

அன்று இரவு அப்பா அதைப் படித்துவிட்டுக் கத்தினார். தாளைக் கசக்கிப் போட்டார். காலையில் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து நீவி மறுபடி படித்தார். கணக்கில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த வாரம் மருத்துவரிடம் போனபோது, படிவத்தில் முதல்முறையாக '2' என்று எழுதாமல் அந்தத் தாளையே நீட்டினார். ரத்தப் பரிசோதனை முடிவு கல்லீரலைப் பற்றிச் சொன்னதும் தாளில் இருந்த கணக்கோடு ஒத்துப்போனது.

உடனே விட்டுவிடவில்லை. இரண்டு முறை விட்டார், இரண்டு முறை திரும்பினார். மூன்றாவது முறை விட்டபோது பார் வேலையையும் சேர்த்து விட்டார்.

கண்ணால் பார்க்காமல் ஒரு போட்டி

இனி மேஜைக்கு வருவோம். அப்பா பாட்டிலைத் தொடப்போவதில்லை, முகரப்போவதும் இல்லை. அதனால் மகன் ஒரு வழி கண்டுபிடித்தார். எந்த கிளாஸில் எது என்று சொல்லாமல், வாயில் வைத்து என்ன தெரிகிறதோ அதை விவரிப்பார். நினைவை வைத்து அப்பா பெயர் சொல்ல வேண்டும்.

முதல் கிளாஸ். "இனிப்பா இருக்கு. ரொட்டியோட ஓரம் மாதிரி. கொஞ்சமா மிளகு. சீக்கிரம் காணாமப் போயிடுது."

"ஓவர்ஹோல்ட்" என்றார் அப்பா, யோசிக்காமல். சரி.

இரண்டாவது. "புதினா மாதிரி குளுகுளுன்னு இருக்கு. அப்புறம்... வெள்ளரிக்காய் ஊறுகாய் பாட்டிலைத் திறந்தா வருமே, அந்த வாசனை."

"புல்லெட்." அதுவும் சரி.

அப்பா விளக்கினார். அமெரிக்கச் சட்டப்படி ரை விஸ்கி என்று சொல்ல, தானியக் கலவையில் 51 சதவிகிதம் ரை இருந்தால் போதும். ரிட்டன்ஹவுஸ் போன்றவை அந்த எல்லையை ஒட்டியவை. மீதி சோளமும் பார்லியும். சோளம் இனிப்பைக் கொடுக்கும். புல்லெட்டில் ரை 95 சதவிகிதம். இண்டியானா மாநிலத்தில் காய்ச்சுகிறார்கள். அதனால்தான் அந்தப் பச்சிலை வாசம் தூக்கலாக வருகிறது. வெனிலா, கேரமல் வாசனை மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. அது தானியத்திலிருந்து வருவதில்லை, உள்பக்கம் கரித்த புது ஓக் பீப்பாயிலிருந்து வருவது.

"அப்போ நம்பர் கூடினா சுவையும் கூடுமா?"

"பாதி உண்மை. தண்ணி கம்மியா கலந்திருக்கிறதால வாசனையும் எண்ணெயும் அடர்த்தியா இருக்கும். ஆனா கூடவே எரிச்சலும் வரும். எரிச்சலை சுவைன்னு நினைக்கிறவங்க நிறைய பேர்."

அந்த எரிச்சலுக்கும் மிளகாய்க்கும் சம்பந்தம் உண்டு. நாக்கில் சூட்டையும் மிளகாய்க் காரத்தையும் உணரும் அதே நரம்பு உணர்விகளைத்தான் ஆல்கஹாலும் தூண்டுகிறது. சாதாரணமாக 42 டிகிரி செல்சியஸ் அளவில் விழித்துக்கொள்ளும் அந்த உணர்வி, ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துக்கொள்ளும். உடம்பின் சூடே சுடுவதுபோலத் தெரிவது அதனால்தான்.

மூன்றாவது கிளாஸ். மகன் நேரம் எடுத்துக்கொண்டார். "கோகோ. ஆரஞ்சுத் தோல். லவங்கப்பட்டை. நெஞ்சு வரைக்கும் சூடா இறங்குது, ஆனா தொந்தரவு இல்லை."

அப்பா முகத்தில் சின்னச் சிரிப்பு. "ரிட்டன்ஹவுஸ். மன்ஹாட்டன் காக்டெய்லுக்கு இதுதான் சரி. 100 ப்ரூஃப் இருந்தாதான் வெர்மூத் ஊத்தினாலும், ஐஸ் கரைஞ்சாலும் விஸ்கி தாக்குப்பிடிக்கும்."

மகன் எதுவும் சொல்லாமல் நான்காவதைக் குடித்தார். "இதுவும் கிட்டத்தட்ட அதேதான்பா. கோகோ, ஆரஞ்சு, லவங்கப்பட்டை. கொஞ்சம் இளசா இருக்கு."

அப்பா குழம்பினார். மிச்சம் இருப்பது பைக்ஸ்வில் மட்டும்தான். ஆனால் அது நெருப்பு மாதிரி இருக்க வேண்டுமே?

"மூணாவதுதான் பைக்ஸ்வில். அதுல ஒரு மில்லி தண்ணி சேர்த்தேன்" என்றார் மகன்.

இரண்டும் ஒரே நிறுவனத்தின் விஸ்கிகள். கிட்டத்தட்ட ஒரே தானியக் கலவை. ரிட்டன்ஹவுஸ் நான்கு வருடம் முதிர்ந்தது, பைக்ஸ்வில் ஆறு வருடம் முதிர்ந்தது. அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். 55 சதவிகிதமுள்ள 10 மில்லியில் ஒரு மில்லி தண்ணீர் விட்டால் 50 சதவிகிதம் ஆகிவிடும். அதாவது 100 ப்ரூஃப். அந்த ஒரு மில்லி, 28 வருட அனுபவத்தை ஏமாற்றிவிட்டது.

விஸ்கியில் தண்ணீர் விட்டால் எரிச்சல் அடங்கி வாசனை மேலே வரும் என்பது பார்டெண்டர்களுக்குத் தெரிந்த விஷயம். 2017-ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கம்ப்யூட்டர் மாதிரிகள் மூலம் அதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். ஆல்கஹால் அடர்த்தி குறையும்போது, வாசனை தரும் சில மூலக்கூறுகள் திரவத்தின் மேற்பரப்புக்கு நகர்ந்து வருகின்றன என்பதே அது.

ஆனால் மகன் சொல்ல வந்தது வாசனையைப் பற்றி அல்ல. "தண்ணி சேர்த்ததால எரிச்சல் குறைஞ்சது. உள்ளே இருக்கிற ஆல்கஹால் குறையலைப்பா. அதே 5.5 மில்லிதான். என் நாக்குக்கு அது தெரியலை. அதைக் கேட்ட உங்களுக்கும் தெரியலை."

அப்பா காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒண்ணுதானே" என்பவர்களுக்கு

"கடைக்கு வர்ற எல்லாரும் 'ரெண்டுதான்'னு சொல்வாங்க" என்றார் அவர். "பொய் சொல்றாங்கன்னு நினைக்காதே. அவங்களுக்கே தெரியாது. கையால தோராயமா ஊத்தாதே, அளந்து ஊத்து. 110 ப்ரூஃப் கேட்டா, இது 110-ன்னு வாயைத் திறந்து சொல்லு. 'ரொம்ப ஸ்மூத்தா இருக்கே'ன்னு யாராவது சொன்னா, அவங்க மேல கூடுதலா ஒரு கண் வை. எரிஞ்சா மனுஷன் நிறுத்துவான். எரியாததுதான் ஆபத்து."

நம் வீடுகளிலும் இதே வாக்கியம் வேறு பெயரில் ஒலிக்கிறது. "ஒரு குவார்ட்டர்தானே!" 180 மில்லி குவார்ட்டரை 42.8 சதவிகிதத்தோடு பெருக்கினால் 77 மில்லி சுத்த ஆல்கஹால். பிலடெல்பியா பையன் போட்ட அதே கணக்கில் அது நான்கு டிரிங்குக்கும் மேல். மதுவில் 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்று இல்லவே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 'ஒண்ணு', 'ரெண்டு' என்பதெல்லாம் பாத்திரத்தின் எண்ணிக்கை. உள்ளே என்ன இருக்கிறது என்பதை லேபிளில் இருக்கும் எண்தான் சொல்கிறது.

பாடம் முடிந்தது. அப்பா எழுந்து போய் அலமாரியின் அடி டிராயரைத் திறந்தார். பார் வேலையின்போது பயன்படுத்திய எவர்சில்வர் ஜிக்கர் ஒன்றை எடுத்தார். ஒரு பக்கம் ஒன்றரை அவுன்ஸ், மறுபக்கம் முக்கால் அவுன்ஸ் அளக்கும் குட்டிக் கிண்ணம். துடைத்து மகனிடம் கொடுத்தார். "வீட்டுல இதை நான் ஒரு நாளும் எடுத்ததில்லை" என்று மட்டும் சொன்னார்.

துணிகளை மடித்து முடித்துவிட்டு அம்மா உள்ளே வந்தார். மேஜையைப் பார்த்தார். காலியான நான்கு கிளாஸ்கள். கணவரின் காபிக் கோப்பை. பல வருடங்கள் கணவரிடம் கேட்ட அந்தக் கேள்வியை இந்த முறை மகனிடம் கேட்டார்.

"எத்தனை?"

மகன் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். நான்கு கிளாஸிலும் சேர்த்து சுத்த ஆல்கஹால் 19.3 மில்லி. ஒரு டிரிங்குக்கு 17.7.

"ஒண்ணு புள்ளி ஒண்ணும்மா" என்றார்.

அம்மா சிரித்துவிட்டார். கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவத் தொடங்கினார். அப்பா ஜன்னலைச் சாத்தினார்.